ஒஸ்மாரின் மார்ச் மாத மிரட்டல்

"ரத்து பண்ணுங்க. இப்பவே, இந்த நிமிஷமே என் கார்டை ரத்து பண்ணுங்க."

வலது கையில் சவரக்கத்தியை ஓங்கியபடி கர்ஜித்தார் ஒஸ்மார். செல்போன் கண்ணாடிக்குக் கீழே பவுடர் டப்பாவில் சாய்ந்து, ஸ்பீக்கரில் இருந்தது. நாற்காலியில் கழுத்தை நீட்டியிருந்த மருந்துக்கடை குளோவிஸ் எச்சில் விழுங்கவும் பயந்தார். அவர் முகத்தில் பாதி நுரை, பாதி பளபளப்பு.

"அண்ணே, நிஜமாவே ரத்து பண்ணிட்டா?" என்றார் உதட்டை அசைக்காமல்.

ஒஸ்மார் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "பண்ண மாட்டாங்க. வருஷக் கட்டணம் பில்லுல வந்தப்புறம் கத்தறவன் ஏமாளி. வர்றதுக்கு முன்னாடியே அடிக்கணும். எட்டு வருஷமா என் பில்லுல அந்த வரியே வந்ததில்ல, தெரியுமா?"

தெரியும். பிரேசிலின் பெலோ ஒரிசோன்ட்டில் அந்தத் தெரு முழுக்கத் தெரியும். மார்ச் மாதம் ஒஸ்மார் வங்கியை மிரட்டுகிறார் என்றால் முடி வளராதவர்கள்கூட சலூனுக்கு வந்துவிடுவார்கள். "உங்களை மாதிரி வாடிக்கையாளரை இழக்க முடியாது சார்" என்று போன வருடம் ஒரு பையன் கிட்டத்தட்ட அழுதே விட்டான்.

இன்று பேசியது ஒரு பெண். பெயர் ரயானி.

"சரிங்க சார். ரத்துக்குப் போட்டுட்டேன்."

பெஞ்சில் காபி உறிஞ்சும் சத்தம் நின்றது.

"என்னம்மா, காரணம்கூடக் கேக்க மாட்டியா?"

"சொல்லுங்க சார், எழுதிக்கறேன்."

"வேற பாங்க்ல கட்டணமே இல்லாம கார்டு தர்றாங்க."

"நல்லதாச்சே சார். எந்த பாங்க்னு சொல்றீங்களா? எங்க அம்மாவுக்கு ஒண்ணு வேணும்."

ஒஸ்மாரின் கத்தி தாழ்ந்தது. அடுத்த மாதம் பெலெங் நகரில் அவர் மனைவி சுலெய்டியின் தங்கைக்கு, நாற்பத்தாறு வயதில், ஒருவழியாகக் கல்யாணம். இரண்டு விமான டிக்கெட்டும் அந்தக் கார்டில் சேர்ந்த பாயிண்ட்டில்தான் வாங்க வேண்டும். கார்டு செத்தால் பாயிண்ட்டும் சாகும். அதற்குப் பிறகு சுலெய்டி ஒஸ்மாரை என்ன செய்வாள் என்று நினைக்கவே வேண்டாம்.

கொஞ்சம் பெரிதாக மிரட்டினால் போனில் இருக்கும் பெண் வழிக்கு வருவாள் என்று தோன்றியது. "நான் போர்ச்சுகலுக்கே குடி போறேன். அப்புறம் என்னை எங்க தேடுவீங்க?"

"வெளிநாட்டுக்குப் போறவங்களுக்குக் கார்டு கிடையாது சார். ரெண்டு காரணம் ஆச்சு, இனிமே சீக்கிரம் முடிஞ்சிடும்."

"ஐயையோ, இரும்மா. பேசறது ஒஸ்மார் இல்ல. நான் அவன் தம்பி. சும்மா விளையாடினேன்."

"அடுத்தவர் பேசறீங்களா? அப்ப பாதுகாப்புக்காக உடனே கார்டை முடக்கணும் சார். முடக்கிட்டேன்."

"அண்ணே, நுரை காயுது" என்றார் குளோவிஸ்.

"உன் மூஞ்சி எங்கயும் ஓடிப்போகாது, சும்மா இரு."

வாசலில் சுலெய்டி, சூடான சீஸ் உருண்டைத் தட்டோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்க ஒஸ்மாருக்குத் தைரியம் வரவில்லை. தட்டைக் குளோவிஸின் மடியில் வைத்துவிட்டுப் போன் பக்கம் குனிந்தாள்.

"கண்ணு, நான் இவரு பொண்டாட்டி. இவருக்குப் போர்ச்சுகலும் கிடையாது, தம்பியும் கிடையாது. இருக்கறது ஒரு வாயும் அந்தக் கார்டும்தான். வாயை வேணா முடக்கிக்கோ. கார்டை விட்டுடும்மா." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "கட்டிடறேன்னு சொல்லு."

"சுலெய்டி, இத்தனை பேரு முன்னாடி..."

"சொல்லு ஒஸ்மார்."

ஒஸ்மார் கத்தியை மேசையில் வைத்தார். "வருஷக் கட்டணத்தைக் கட்டிடறேம்மா. முழுசா. ஒரே தடவையில."

பெஞ்சில் ஒருவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். செருப்பைக்கூட ஆறு தவணையில் வாங்கும் ஊரில், எட்டு வருடச் சிங்கம் இப்படி மண்டியிட்டதை அவரால் தாங்க முடியவில்லை.

"எவ்வளவுன்னு பாத்துச் சொல்றேன் சார்." கீபோர்டு படபடத்தது. நின்றது. மறுபடி படபடத்தது. "இங்க ஒண்ணுமே காட்டலையே. இன்னைக்குத்தான் எனக்கு முதல் நாள் சார், மேடத்தைக் கேட்டுட்டு வந்துடறேன். லைன்லயே இருங்க."

வழக்கமான பாட்டு வரவில்லை. அந்தப் பெண் பட்டனை அழுத்த மறந்திருக்க வேண்டும். தூரத்தில் ஒரு முதிர்ந்த குரல், சலூன் முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

"யாரு, ஒஸ்மார் சாரா? போட்டதையெல்லாம் அழிச்சிட்டு, கொஞ்ச நேரம் கெஞ்சிட்டு, 'கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணிட்டோம்'னு சொல்லு, சந்தோஷமா வெச்சிடுவாரு. புதுசா சேர்றவங்க பேசிப் பழகட்டும்னுதான் வருஷா வருஷம் அவர் போனைக் குடுக்கறோம். அந்தக் கார்டுக்கு வருஷக் கட்டணம்னு ஒண்ணு என்னிக்குமே கிடையாதும்மா."