கண்ணாடிக்கு மேலே நம்மாளு

வந்திருந்தவர்கள்: முடிவெட்டும் கேட்ச் அண்ணன், சலூன் முதலாளி, டாக்சி ஓட்டும் சேகர் மாமா, நான். வராதவர்கள்: இறந்தவரின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும். அவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு சலூனில் தங்கள் பெரியவருக்குப் படையல் நடப்பது அவர்களுக்குத் தெரியாது.

உலகத்திலேயே சவரக் கத்தியோடு பேஸ்பால் ஆடிய ஒரே மனிதர் கேட்ச் அண்ணன்தான். அவருடைய கண்ணாடிக்கு மேலே சட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருந்தது. தொப்பி, கையுறை, சிரிப்பு. பெரிய அணிகள் கறுப்பர்களைச் சேர்க்காத காலத்தில், கறுப்பர்களுக்கென்று இருந்த லீக்கில் எல்லையோரம் நின்று பந்து பிடித்தவர். பழைய ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து அண்ணன் கத்தரித்தது. கூட இருந்த கதையைப் படித்துச் சொன்னவன் நான். நான் படித்தது ஒரு பக்கம். அண்ணன் சொல்வது ஒரு மணி நேரம்.

"நம்மாளு திரும்பியே பாக்கல தம்பி. பந்துக்கு முதுகு, சுவருக்கு மூஞ்சி. ஓடுறாரு... ஓடுறாரு..."

அண்ணனும் ஓடுவார். வாசல்வரை போய், இல்லாத பந்தைப் பிடித்துத் திரும்புவதற்குள் நம் முகத்தில் நுரை காய்ந்துவிடும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். முதல் இன்டர்வியூவுக்கு ஒற்றைக் கிருதாவோடு போனவனும் நானே.

ஒருநாள் முதலாளி புது ஹேர்ஸ்டைல் போஸ்டரோடு வந்தார். "அந்தப் படத்தக் கழட்டுப்பா. யாரு அது?"

அண்ணன் கையில் கத்தரிக்கோல் அப்படியே நின்றது. நாற்காலியில் இருந்த சேகர் மாமா முந்திக்கொண்டார். "என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? அவரோட அப்பா லா!"

முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கையில என்ன அது, அவ்வளவு பெருசா?"

"ஹார்பர்ல வேலை. சேஃப்டி கிளவ்ஸ்," என்றார் மாமா.

"வருசா வருசம் படைக்கிறியாப்பா?"

அண்ணன் சேகர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

"திதி தெரியாதா? பரவால்ல. மகாளய அமாவாசைக்குக் கடையிலேயே படைச்சிடுவோம். அன்னிக்கு எவன் முடிவெட்ட வரப்போறான்?"

அமாவாசையன்று படத்துக்கு மல்லிகை மாலை போட்டு, இலை விரித்தோம். "அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?" என்றார் முதலாளி.

"பன்னுக்குள்ள சாசேஜ் வச்சு..." அண்ணன் உளறிவிட்டார்.

அமாவாசைக்குக் கறியா? முதலாளியே ஒரு பன்னைப் பிளந்து வடையை உள்ளே வைத்தார்.

சூடம் காட்டும்போது அண்ணனால் தாங்க முடியவில்லை. "மொதலாளி, இவரு எங்கப்பா இல்ல. பந்து பிடிக்கிறவரு."

சேகர் மாமா தன் செருப்பு எங்கே என்று பார்த்தார். அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். ஊர் ஊராக ஆடப் போனது, ஓட்டலில் அறை தராததால் பஸ்ஸிலேயே தூங்கியது, பெரிய அணிகள் கதவைத் திறந்தபோது நம்மாளின் முழங்கால் போயிருந்தது. இந்த முறை அவர் ஓடவில்லை.

முதலாளி படத்தையே பார்த்தார். "பஸ்ஸுலயேவா தூங்குனாங்க?"

"ஆமாங்க."

"மறுநாளு ஆட்டம் வேறயா?"

"ஆமாங்க."

"இன்னொரு வடை வைய்யா."

போஸ்டர் இன்னும் சுருட்டியபடி துடைப்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. மார்சிலிங்கில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே வேறொரு சலூன் இருக்கிறது. ஆனாலும் நான் ரயிலேறி இங்கே வந்து, நுரை காயும்வரை காத்திருக்கிறேன். வருடம் தவறாமல் படையலும் நடக்கிறது. நான்கு பேருக்கும் சேர்த்து, இரண்டு வடை வைத்த பன்னோடு, எண்பத்திரண்டு வெள்ளி செலவு.