பிள்ளைகள்: ஏழு

மண்ணரை,
திருப்பூர்.

மதிப்பிற்குரிய அவிநாசி அய்யாசாமி அவர்களுக்கு,

பனியன் கம்பெனி மகுடேஸ்வரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அங்கு நீங்களும், என் மகள் சித்ரகலாவுக்குப் பேசி வைத்திருக்கும் உங்கள் மகனும் நலமாயிருக்க அவிநாசியப்பரை வேண்டுகிறேன். சம்பந்தி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நேற்று நீங்கள் போனில் பேசிய பேச்சுக்குப் பிறகு கை வரவில்லை.

என் பெயரைப் போனில் தேடினால் ஒரு கட்டம் வருகிறது, அதில் என் போட்டோ, தொழில், மனைவி சாரதாமணி எல்லாம் சரி, ஆனால் பிள்ளைகள் ஏழு என்று போட்டு சித்ரகலாவோடு முனீஸ், சகாயராஜ், நதியா என்று வரிசையாக வருகிறது, அதில் மூன்று பேர் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள், “இதென்னங்க கூத்து, அதச் சரி பண்ணாம நிச்சயம் இல்லீங்க” என்றீர்கள். எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் சரவணக்குமாரைப் பிடித்தேன். “அத ஆரும் உக்காந்து எழுதறது இல்லீங்க. இன்னார் இன்னாரோட புள்ளைன்னு எங்காச்சும் போட்டிருந்தா, அதையெல்லாம் பொறுக்கி, ஒண்ணோட ஒண்ணு கோத்துக் காட்டிப்போடுமுங்க” என்றான். எங்கே போட்டிருக்கிறது என்று தேடினால், நல்லூர் அச்சகக்காரர் தான் அடித்த கல்யாணப் பத்திரிகைகளையெல்லாம் மாதிரிக்கென்று இன்டர்நெட்டில் ஏற்றி வைத்திருக்கிறார். அந்த ஆறு பேரும் தெற்கே இருந்து வந்து என் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். சிலருக்குப் பெற்றவர்கள் இல்லை, சிலருக்கு இருந்தும் கல்யாணத்துக்கு வர மறுத்துவிட்டார்கள். பத்திரிகையில் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்று “மகுடேஸ்வரன் – சாரதாமணி தம்பதியரின் மகன்”, “மகள்” என்று அடிக்கச் சொன்னதே நான்தான். “பெற்றோர் ஸ்தானத்துலன்னு சேத்துக்கலாங்களா?” என்று அச்சகக்காரர் கேட்டார். சொன்னதை அடியுங்கள் என்றேன்.

ஆனாலும் பெண்ணைப் பெற்றவன் பாருங்கள், பயந்துதான் போனேன். தவறைத் தெரிவிக்கும் இடத்தைச் சரவணக்குமார் திறந்து தர, ஒவ்வொரு பெயராக எடுக்க உட்கார்ந்துவிட்டேன். அப்போது விஷயம் கேள்விப்பட்டு, செக்கிங் டேபிளிலிருந்து நதியா வந்தாள். எப்போதும் முதலாளி என்றுதான் கூப்பிடுவாள். “எம் பேர எடுத்துருங்கப்பா. தங்கச்சிக்கு நல்லது நடக்கட்டும்” என்றாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. போனை அணைத்துப் போட்டுவிட்டேன். சித்ரகலாவைக் கேட்டதற்கு அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு “எடுக்காதீங்கப்பா” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். உங்கள் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்கவில்லை. எடுக்க மாட்டேனுங்க. நிச்சயம் நின்றால் நிற்கட்டும். போனில் வரும் ஒரு கட்டத்தை நம்பி ஆளை எடைபோடுகிறவர் வீட்டுக்குப் பெண் கொடுக்க எனக்கும் யோசனையாக இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், தம்பிக்கு என் ஆசீர்வாதத்தையும் சொல்லவும். ஆசீர்வாதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மகுடேஸ்வரன்
(ஏழு பிள்ளைகளின் தகப்பன்)

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது சாரதாமணி உங்கள் பெயரையும் தேடிப் பார்த்தாள். விசைத்தறிச் சங்கத் தலைவர் என்று வருகிறது, போட்டோவும் நீங்கள்தான். பிள்ளைகள் என்ற வரியையே காணோம். பெண் பார்க்க வந்த தம்பி யாருங்க? அதைத் தெளிவுபடுத்தும்வரை எங்கள் பக்கமும் நிச்சயம் இல்லீங்க.