‘எதுக்கும்’ அண்ணனும் என் ஊமைக் கல்யாணமும்

திண்டுக்கல் மாவட்டத்துக்கென்று ஒதுக்கப்பட்ட பயத்தில் முக்கால்வாசியை ஒரே ஆள் வாங்கி வைத்திருந்தார். மீதிக் காலைத்தான் நாங்கள் இத்தனை லட்சம் பேரும் பங்கு போட்டுக்கொண்டு பிழைத்தோம். அந்த ஆள் நாகல் நகரில் கல்யாண வீடியோ எடுப்பவர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஊருக்கு அவர் ‘எதுக்கும்’ அண்ணன். “எதுக்கும் இருக்கட்டும் தம்பி” என்று சொல்லாமல் அவர் வீட்டுப் படியை விட்டு இறங்கியதே கிடையாது.

சித்திரை வெயிலிலும் குடை எடுப்பார், அதிலும் இரண்டு. பெல்ட் போட்ட பேண்ட்டுக்கு மேலே ஊக்கு ஒன்று குத்தியிருப்பார். பஸ்ஸில் ஏறினால் அவசர வழிக்குப் பக்கத்து சீட்டு காலியாகும்வரை நின்றுகொண்டே வருவார். தென்னை மரத்தைக் கடக்கும்போது, நடந்துதான் போகிறார் என்றாலும், ஹெல்மெட் மாட்டிக்கொள்வார். நெற்றியில் விபூதி, மணிக்கட்டில் தர்காவில் கட்டிய கயிறு, கழுத்தில் மாதா டாலர். இதென்னண்ணே என்று கேட்டேன்.

“எந்தச் சாமி எப்ப டூட்டியில இருக்கும்னு நமக்கு என்னப்பு தெரியும்?” என்றார்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு மிரர்லெஸ் கேமரா இருந்தது. அதை வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட அவர் அப்டேட் போட்டதில்லை. விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தக் கேமராக்கள் உள்ளே ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான். அதை ஓட்டுகிற ஃபர்ம்வேர் என்ற சமாச்சாரத்தைக் கம்பெனிக்காரன் அவ்வப்போது திருத்தி நெட்டில் போடுவான். அதை மெமரி கார்டில் ஏற்றி உள்ளே விட்டால், நேற்றுவரை செய்யாத வேலையைக் கேமரா இன்று செய்யும். அரை மணி நேரத்தில் தானாக நின்றுகொண்டிருந்த வீடியோ நிற்காமல் ஓடும். முகத்தைத் தொலைத்துவிட்டுத் திணறிய ஃபோகஸ் விடாமல் பிடிக்கும். எல்லாம் இலவசம். அண்ணனுக்கு அந்த இலவசம் என்ற சொல்லே முதல் பயம்.

“நல்லா நடமாடிக்கிட்டு இருக்கிற மனுசனுக்கு எதுக்குப்பு மூளை ஆபரேசன்?” என்பார். “வேடசந்தூர்ல ஒருத்தரு அப்டேட் போடையில பாதியில பேட்டரி கழண்டுபோச்சு. அம்புட்டுத்தான், கேமரா செங்கல்லாப் போச்சு. இப்ப அவரு வீட்டுக் கதவு காத்துல அடிக்காம இருக்க அதத்தான் முட்டுக்குடுத்து வச்சிருக்காரு.”

விதி என் உருவத்தில் வந்தது. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பெண்ணுக்கு ஊர் கொடைரோடு, பெயர் ஜெசிந்தா. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளைகள் உடம்பைக் குறைப்பார்கள், முகத்துக்கு எதையாவது பூசுவார்கள். நான் கேமராக்களைப் பற்றிய வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். அண்ணன் வைத்திருக்கும் அதே மாடலுக்குப் புது அப்டேட்டில் ஸ்லோமோஷன் வந்திருப்பது தெரிந்தது. மாதா கோயில் வாசலில் ஜெசிந்தாவின் முக்காடு காற்றில் மெதுவாகப் பறக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. அவளுக்கு அப்படி எந்த ஆசையும் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வாரம் அவரை அரித்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்தார்.

நான் போனபோது அவர் வீடு சாவு வீடு மாதிரி அமைதியாக இருந்தது. ஃபிரிட்ஜை அணைத்திருந்தார். காலிங் பெல்லைக் கழற்றியிருந்தார். அவர் மனைவி அரைத்துக்கொண்டிருந்த சட்னியைப் பாதியில் விட்டுவிட்டு அடுப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அண்ணே, கேமரா அதோட பேட்டரியில ஓடுது. ஃபிரிட்ஜுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

“எதுக்கும்” என்றார். “நீ செத்த நேரம் தும்மாம இரு.”

கார்டைப் போட்டார். பொத்தானை அமுக்கினார். ‘நடுவில் அணைக்காதே’ என்று திரையில் எச்சரிக்கை வந்தது. பத்து, இருபது, நாற்பது என்று கோடு நகர்ந்தது. எழுபத்து மூன்றில் வந்து நின்றுவிட்டது. பயம் ஒட்டுவாரொட்டி. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நானும் அவர் முகத்தைப் பார்த்ததும் தும்மல் வராமலிருக்க மூக்கைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கேமராதான் அந்த வீட்டின் சோறு. நான் ஒரு முக்காட்டுக்காக அதில் கை வைத்துவிட்டேன்.

திரை கருத்தது.

“போயிருச்சு” என்றார் அண்ணன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்கிற குரலில் சொன்னார். அவர் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு திரை வெளிச்சமானது. உங்களுக்கு எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. அண்ணன் அதற்குக் கையெடுத்துக் கும்பிட்டார்.

உயிர் வந்ததே தவிர பழைய ஞாபகம் எதுவும் கேமராவுக்கு இல்லை. எந்தப் பொத்தான் எதற்கு என்பதுகூட மாறியிருந்தது. அண்ணன் இரண்டு நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். ரெக்கார்டிங் ஓடும்போது திரையைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் ஒன்று புதிதாக வந்தது. “பாக்கவே பயமா இருக்கு, ரத்தம் மாதிரி” என்றார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. முக்காடும் பறந்தது. பூசை முடிந்து எல்லோரும் கைகுலுக்கும்போது அண்ணன் மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

பத்தாம் நாள் ஒரு நிமிட டீஸர் அனுப்பினார். பாட்டு போட்டு, எல்லாம் ஸ்லோமோஷன். பீடத்துக்கு முன்னால் ஜெசிந்தா சம்மதம் சொல்லும் இடம் வந்தது. அவள் வாய் மெதுவாக, மிக மெதுவாகத் திறந்தது. திறந்துகொண்டே இருந்தது. எனக்கு நாக்கில் சனி. “சம்மதம் சொல்ற பொண்ணா, கொட்டாவி விடுற பொண்ணா?” என்று எழுதி என் சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டேன். என் சித்தப்பா மகன் அதற்கு எருமை படம் ஒன்று போட்டான். நானும் சிரித்து வைத்தேன். கல்யாணத்தன்றே ஜெசிந்தாவையும் அதே குழுவில் சேர்த்திருந்தார்கள் என்பது எனக்கு நினைவில்லை.

ஜெசிந்தா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. மறுநாள் காலை அவள் அப்பா வந்து பெட்டியோடு அழைத்துக்கொண்டு போனார்.

என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர். அவர் விசிலை எடுக்க வேண்டியதில்லை, சட்டைப் பையைத் தொட்டாலே போதும். ஒரு தலைமுறையே மைதானத்தைச் சுற்றி ஓடியிருக்கிறது. “நானாக் கூப்பிடுற வரைக்கும் கொடைரோடு பக்கம் வராதீங்க மாப்ள” என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது நாள் கூப்பிடவில்லை. ஜெசிந்தா போனை எடுக்கவில்லை. வகுப்பில் கரும்பலகையில் பாதிக் கணக்கு எழுதிவிட்டு மீதி மறந்து நிற்பேன். இருபது நாளில் ஒரு கல்யாணம் முடிந்துபோகுமா என்ற பயம் சாப்பாட்டில்கூட வந்து உட்கார்ந்தது.

பத்தாம் நாள் அண்ணன் போன் செய்தார். “ஆல்பத்துக்குப் படம் பாக்கணும், ரெண்டு பேருமா வாங்க தம்பி.”

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“தம்பி, ஒரு தப்பு நடந்துபோச்சு” என்றார் அண்ணன். “முக்காடு எடுத்த ஸ்லோமோசன மாத்தாம பீடத்துக்கு வந்துட்டேன். அந்த மோடுல கேமராவுக்குக் காது கிடையாது. நீங்க சொன்ன வாக்குறுதி ரெண்டும் ஊமையா இருக்கு. வேகத்தக் கூட்டினாப் படம் சரியாயிரும். சத்தத்துக்கு ரெண்டு பேரும் மறுபடி பேசித்தான் ஒட்டணும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ரெடியா இரு. கொடைரோடு போறோம்.”

அண்ணனின் பைக்கில் நான்கு வழிச் சாலையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போனோம். சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே முந்திப் போனார். எனக்கு மாமனார் பயம், அண்ணனுக்கு லாரி பயம். ஒரு வண்டி அதற்கு மேல் தாங்காது.

கதவைத் திறந்தவர் மாஸ்டரேதான். என்னைப் பார்த்தார். அவர் கை தன்னிச்சையாகச் சட்டைப் பைக்குப் போனது.

“சார்” என்று அண்ணன் எனக்கு முன்னால் வந்து நின்றார். தலையிலிருந்த ஹெல்மெட்டை இன்னும் கழற்றவில்லை. “தப்பு என்னோடது சார். அப்டேட் போட்டது நான். மோட மாத்த மறந்தது நான். உங்க மக கோயில்ல சொன்ன வார்த்தை சத்தமில்லாமப் போச்சு சார்.”

“சாமிக்கு முன்னாடி சொன்ன வார்த்தையத் தொலைச்சுட்டியா?”

“ஆமா சார். அதான் திரும்ப வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

கொடைரோடு ரயில்வே ஸ்டேஷனை எத்தனை ரவுண்டு ஓடச் சொல்லப்போகிறாரோ என்று நான் காலைத் தயாராக வைத்துக்கொண்டேன். மாஸ்டர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். “பத்து நிமிசம்” என்றார்.

உள்ளறையில் ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்தோம். ஃபேனை நிறுத்தினோம். வெளியே கொக்கரித்த கோழியை மாஸ்டரே விரட்டினார். ஜெசிந்தா கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் லேப்டாப்பைத் திறந்து, ரெக்கார்டரை நடுவில் வைத்து, பூசைப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

“படத்துல ஃபாதரோட முதுகுதான் தெரியுது. அவரு கேக்குறத நான் கேக்குறேன், எவன் குரலும் ஒட்டும்.”

முதலில் என் முறை. கோயிலில் நானூறு பேருக்கு முன்னால் தலைமுடி கலைந்திருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே கடகடவென ஒப்பித்தவன் நான். இங்கே ஃபேன் ஓடாத அறையில், முகத்தைத் திருப்பி வைத்திருக்கும் பெண்ணுக்கு முன்னால், இன்பத்திலும் துன்பத்திலும் என்று ஆரம்பித்ததும் ஒவ்வொரு சொல்லாக நின்று நின்றுதான் வந்தது. நிஜமாகவே பயமாக இருந்தது. அவள் முடியாது என்று சொல்லிவிட்டால் போக எனக்கு வேறு வீடு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவள் முறை வந்தது. திரையில் அவள் உதடு அசைந்தது. அறையில் அவள் பேசவில்லை. படம் ஓடி முடிந்தது.

“திரும்பப் போடுங்கண்ணே” என்றாள்.

போட்டார். டீஸர் மாதிரி இல்லாமல் படம் சாதாரண வேகத்தில் ஓடியது. அதில் கொட்டாவி எதுவும் இல்லை. கைக்குட்டையைத் திருகிக்கொண்டு, எச்சில் விழுங்கி, ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு ஒரு பெண் வாய் திறந்தாள்.

“இப்பச் சொல்லுங்க” என்றாள் ஜெசிந்தா. “இது கொட்டாவியா?”

“இல்ல, பயம்” என்றேன். “எனக்கு அந்தப் பயம் இன்னிக்குத்தான் வந்துச்சு. உன் பயத்தப் பாக்காம நாலு பேர்கிட்டக் காட்டிச் சிரிச்சிட்டேன். தப்புதான் ஜெசி. மன்னிச்சிரு.”

அவள் ரெக்கார்டரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். அண்ணன் நடுங்கும் குரலில் ஃபாதராகக் கேட்டார். அவள் முழுவதையும் சொன்னாள். கடைசி வரியில் குரல் உடைந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அண்ணன் மெதுவாக ஒரு விரலை உயர்த்தினார். “ரொம்ப நல்லா வந்துச்சும்மா. எதுக்கும் இன்னொரு டேக் போயிருவோமா?”

ஜெசிந்தா வெடித்துச் சிரித்தாள். பத்து நாளாக நான் கேட்காத சிரிப்பு. “உள்ள என்னய்யா சத்தம்?” என்று வெளியிலிருந்து மாஸ்டர் அதட்டினார். அதற்கும் சிரித்தோம். அன்று சாயங்காலம் பெட்டியோடு இருவரும் திண்டுக்கல் பஸ் ஏறினோம்.

ஒரு மாதம் கழித்து முழு வீடியோ வந்தது. ஜெசிந்தா அடுப்படியில் இருக்கும்போது நான் தனியாகப் போட்டுப் பார்த்தேன். வாக்குறுதி வந்தது. அவள் சொல்லி முடித்த கையோடு எங்கோ ஒரு செல்போன் கிணுகிணுவென்று அடித்தது. எனக்குச் சுருக்கென்றது. கோயிலில் அந்த நேரத்தில் அடித்தது மாமனாரின் போன். சபையே அவரைத் திரும்பிப் பார்த்தது. கொடைரோடு அறையில் எந்தப் போனும் அடிக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். அது கோயிலில் பதிந்த சத்தமேதான்.

நேராக நாகல் நகர் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அண்ணன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“கேமராவுல சத்தம் இல்லாதது நெசந்தான் தம்பி. ஆனா பீடத்துப் பூஞ்சாடிக்குள்ள ஒரு ரெக்கார்டர் வச்சிருந்தேன். மைக் கம்பத்துல ஒண்ணு.”

“அப்புறம் எதுக்கண்ணே கொடைரோடு?”

அவர் லென்ஸ் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “நீ போன்ல அழுத.”

“நான் அழல.”

“அழுத. என்னோட ஸ்லோமோசன்லதான வந்துச்சு அம்புட்டு வினையும்? எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஒரு தடவ பதிஞ்சத நம்பி இருக்கக் கூடாதுல்ல, அதான் இன்னொரு காப்பி எடுத்துருவோம்னு கூட்டிட்டுப் போனேன். வீட்ல சொல்லிராதப்பு.”

“மாஸ்டருக்கு முன்னாடி நின்னு அவ்ளோ பெரிய பொய் சொன்னீங்களே, பயமா இல்லையா?”

“பயமாவா?” என்றார். “வீட்டுக்கு வந்து ரெண்டு நாளு காய்ச்சல் தம்பி.”

அவரைப் பயந்தாங்கொள்ளி என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். சொல்லட்டும், உண்மைதானே. ஆனால் எனக்காக அவ்வளவு பயந்த மனிதர் இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை.