ஆமென் சொன்ன கையோடு குடித்த சூப்

நீண்ட ஜெபத்தால் ஒரு நன்மை உண்டு: முடிவதற்குள் சாப்பாடு ஆறிவிடும். இந்த நம்பிக்கை பொய்த்ததால்தான் எனக்குக் கல்யாணமே ஆனது.

பெண்ணின் அப்பா நாசரேத்தில் ரிட்டயர்டு வாத்தியார், சர்ச் கமிட்டி மெம்பர். "பையன் கோயிலுக்கு ஒழுங்கா வாரது இல்லையாம்" என்று யாரோ (நல்லா இருக்கட்டும்!) அவர் காதில் போட்டுவிட்டார்கள். "நேர்ல பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாராம். எனக்கோ பியூலாவின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து தூக்கமில்லை. அவளுக்குத் தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை. அதனால் பீச் ரோட்டுப் பக்கம் புதிதாக வந்த கொரியன் கடையில் மூவரும் சந்திப்பதாக ஏற்பாடு. கடை அவள் தேர்வு.

மூன்று கல்சட்டிகளில் சூப் வந்தது. பக்கத்தில் செக்கச்செவேலென்று கிம்ச்சி, அதாவது முட்டைக்கோஸ் ஊறுகாய். கரண்டியை எடுத்தேன்.

"ஜெபிப்போமா தம்பி?" என்றார் வாத்தியார். எடுத்த வேகத்தில் வைத்தேன்.

கடலுக்குப் போனவர்கள், சமைத்தவர்கள், கடைசியில் கொரியா தேசம் வரை யாரையும் அவர் விடவில்லை. இந்நேரம் நன்றாக ஆறியிருக்கும் என்று, ஆமென் சொன்ன கையோடு ஒரு பெரிய கரண்டி அள்ளி வாயில் விட்டேன்.

கல்சட்டி அடுப்பைவிட்டு இறக்கிய பிறகும் கொதிக்கும். (எங்க அம்மா அதில்தான் புளிக்குழம்பு வைப்பாள். இருந்தும் புத்தி வேலை செய்யவில்லை.) வாத்தியார் எதிரில் துப்பவா முடியும்? விழுங்கினேன். சூட்டை அணைக்கக் கிம்ச்சியை வாய் நிறையப் போட்டேன். எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்த கதைதான். கண்ணில் தாமிரபரணி பெருகியது.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன தம்பி, கண்ணுல தண்ணி?"

வாயைத் திறந்தால் புகைதான் வரும். தலையை மட்டும் ஆட்டினேன்.

தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தும் சாக்கில் பியூலா குனிந்தாள். "வாயத் தொறக்காதீங்க. அப்பா பாக்காவ. இன்னும் கொஞ்சம் அழுங்க."

முன்பின் தெரியாத ஒருவனை இப்படிக் காப்பாற்ற அவளுக்கு என்ன தலையெழுத்து? அந்த நன்றி எனக்கு இன்றும் தீரவில்லை.

"ஜெபத்துல உருகி அழுத பையன இந்தக் காலத்துல எங்க பாக்க?" என்று அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்குப் போன் செய்து சம்மதம் சொல்லிவிட்டார் மாமனார்.

அதிலிருந்து குடும்பத்தில் என்ன விசேஷம் என்றாலும் ஜெபம் என் தலையில்தான் விழுகிறது. போன மாதம் எங்கள் மகளுக்கு ஞானஸ்நானம். விருந்துக்கு முன்னால் "மருமவன் ஜெபிப்பாவ" என்றார். தொடங்கினேன். நடுவில் கண்ணைத் திறந்து, தூங்கும் பிள்ளையையும் அதை ஏந்தி நின்றவளையும் பார்த்துவிட்டேன். நிஜமாகவே அழுதேன்.

பியூலா காதோரம் வந்தாள்.

"போதும்ங்க. அதான் கல்யாணம் ஆயிட்டுல்லா."