சல்லிக்காசு செலவில்லாமல் வெனிஸ்

"எந்திரிங்க. பாலத்துப் படியில உக்காந்து சாப்பிடக் கூடாது."

துல்லியோ, வாய்க்குக் கொண்டுபோன ரொட்டியைப் பாதி வழியில் நிறுத்தினார். எதிரே நகராட்சிச் சட்டை மாட்டிய ஒரு பெண், மூக்கு சிவக்கும் குளிரில், கையில் அபராதச் சீட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்தாள்.

"நாங்க சாப்பிடலையே," என்றார்.

"அப்போ கையில என்ன?"

"ரொட்டி. சும்மா பிடிச்சிட்டிருக்கேன்."

"மொதல்ல வாயில இருக்கறத முழுங்குங்க. அப்புறம் பொய் சொல்லலாம்."

அவருடைய மனைவி நீவெஸ் அதற்குள் எழுந்து, கறுப்புக் கோட்டின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். கணவனுக்காக வெட்கப்படுவதைக் கல்யாணமான மூன்றாவது மாதமே அவள் நிறுத்திவிட்டாள். இருபத்தைந்து வருஷம் விடாமல் வெட்கப்பட யாருக்குத் தெம்பு இருக்கிறது.

துல்லியோ, போர்தெனோனே ஊர்க் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் கணக்குப் பார்ப்பவர். பெயருக்கு ஏற்றபடி எல்லாவற்றிலும் துல்லியம். சவரத் தகடு ஒன்றுக்குப் பதினெட்டு சவரம். தேயிலைப் பை ஒன்றுக்கு மூன்று கோப்பை. மூன்றாவது கோப்பை விருந்தாளிக்கு. அவர் ஊரிலிருந்து வெனிஸ் ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் பிறகு அங்கே அவர் கால் வைத்ததில்லை. போகாமலேயே, அந்த ஊரைச் செலவில்லாமல் அனுபவிப்பது எப்படி என்று அலுவலகத்தில் வகுப்பெடுப்பார்.

"கோடையில போறவன் முட்டாள். ஜனவரியில போயும் காசு குடுத்து ரசிக்கிறவன் வடிகட்டின முட்டாள். தண்ணி சும்மா, பனிமூட்டம் சும்மா, பாலம் சும்மா. வேற என்ன இருக்கு அங்க?"

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஆட்டாவிட்டால் பேச்சு நீளும்.

புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் நீவெஸ், "கல்யாண நாள் வருது. இந்தச் சனிக்கிழமை வெனிஸ் போயிட்டு வருவோம்," என்றாள். மாட்டேன் என்று சொல்லத்தான் அவர் வாய் திறந்தார். பிறகு, கன்னியர் மடத்து விருந்தினர் அறை ஜனவரியில் பாதி விலை என்று தெரியவந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இந்தப் பயணமே தன்னுடைய யோசனை என்று நம்பத் தொடங்கியிருந்தார்.

இப்போது சனிக்கிழமை காலை. பாலத்திலிருந்து இறங்கியதும் அவருக்கு வழி பிறந்துவிட்டது.

"நடந்துகிட்டே சாப்பிடலாம். நடக்கறதுக்கு அபராதம் கிடையாது."

பத்தடிகூட நடந்திருக்க மாட்டார். கூரையிலிருந்து ஒரு கடற்காகம் இறங்கி, ரொட்டிக்கு நடுவிலிருந்த பன்றிக்கறித் துண்டை மட்டும் உருவிக்கொண்டு போனது. ரொட்டியை அது தொடவில்லை. அது மூன்று நாள் பழசு.

"இந்த ஊர்ப் பறவைக்குக்கூடத் திமிரு," என்றார் துல்லியோ.

"ருசி தெரியுது," என்றாள் நீவெஸ்.

குளிர் கோட்டுக்குள் புகுந்து எலும்பைத் தடவிப் பார்த்தது. மூலையில் இருந்த காப்பிக் கடைக்குள் போனார்கள். உட்கார்ந்தால் ஒரு விலை, நின்றால் ஒரு விலை என்று பலகை தொங்கியது. துல்லியோ நின்றபடியே, "ரெண்டு கோப்பை வெந்நீர்," என்றார். பையிலிருந்து தேயிலைப் பை ஒன்றை எடுத்தார். அது ஏற்கெனவே ஒருமுறை உழைத்திருந்தது.

கடைக்காரர் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கோப்பையையும் வீட்லருந்தே கொண்டு வந்திருக்கலாமே. கழுவுற வேலை மிச்சம்."

"வெந்நீருக்கு விலை போடலையே நீங்க."

"கேக்கற ஆள் வருவான்னு நினைக்கல."

வெந்நீர் கிடைக்கவில்லை. வெளியே வந்தபோது அந்தத் தாழ்வான தெருவில் கடல் ஏறியிருந்தது, கணுக்கால் அளவு. எதிர்க்கடையில் ரப்பர் பூட்ஸ் விற்றார்கள். விலையைப் பார்த்துத் துல்லியோ சிரித்தார். எல்லாவற்றுக்கும் அவர் தயாராகத்தான் வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து நான்கு குப்பை உறைகளை எடுத்து, இரண்டைத் தன் கால்களில் மாட்டிக் கயிறு கட்டினார். மற்ற இரண்டை மனைவியிடம் நீட்டியபோதுதான் கவனித்தார். அவள் காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்.

"இது ஏது?"

"வீட்ல இருந்துச்சு."

"நான் பாத்ததே இல்லையே."

"நீ என்ன பாத்திருக்கே?"

இரண்டு உறைகள் மிச்சம் என்று அவற்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஐம்பதடியில் இடதுகால் உறை கிழிந்தது. நூறடியில் வலதுகால் உறை, உள்ளே வந்த தண்ணீரை வெளியே விடாமல் பத்திரமாக வைத்துக்கொண்டது.

"எங்கயாவது கணகணன்னு ஒரு இடத்துல உக்காரணும்," என்றார் பல் கிட்ட.

"ஒரு கோயில் இருக்கு. இடது பக்கம் திரும்பு."

ரயில் நிலையத்தில் இலவசமாக எடுத்த வரைபடத்தை அவர் பிரித்தார். "வலது பக்கம்."

"சரி, போ."

வலது பக்கச் சந்து ஒரு கால்வாயில் போய் முடிந்தது. திரும்பி வந்தார். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து மறுபடி போனார். இந்தத் தடவை போன சந்து ஒரு கோழிக்கூண்டில் முடிந்தது. நீவெஸ் மூலையிலேயே நின்று கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மூன்றாவது தடவை அவள் இடது பக்கம் திரும்பி நடக்க, ஏழு வளைவு, இரண்டு பாலம் தாண்டிக் கோயில் வாசல் வந்தது.

"வரைபடத்துல இதத்தான் நான் சொன்னேன்," என்றார்.

வாசலில், சுற்றிப் பார்க்க வருவோர்க்குக் கட்டணம் என்று எழுதியிருந்தது. துல்லியோவின் முகம் தொங்கிப்போனது.

"பிரார்த்தனைக்குப் போறவங்களுக்குக் கிடையாது," என்றாள் நீவெஸ். "உள்ள பூசை நடக்குது."

"பாத்தியா? என்கூட இருந்து இருந்து உனக்கும் மூளை வந்திருச்சு."

உள்ளே பூசை நடந்தது. அதோடு பீடத்தின் முன்னால் ஒரு சவப்பெட்டியும் இருந்தது. வந்திருந்தவர்கள் இருபது பேர். துல்லியோ பின்வரிசையில் பதுங்கப் பார்த்தார். ஆனால் முன்வரிசையிலிருந்து ஒரு தடித்த கிழவி எழுந்துவந்து, நீவெஸைக் கட்டிக்கொண்டு, கையைப் பிடித்து முன்னால் அழைத்துப் போனாள். துக்கத்தில் ஜனங்கள் யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்வார்கள் என்று துல்லியோ அறிந்திருந்தார். முன்வரிசையின் காலடியில் மின்சார அடுப்பு சிவந்துகொண்டிருந்ததையும் பார்த்தார். பின்னாலேயே போய் உட்கார்ந்து, குப்பை உறைகளை அதன்பக்கம் நீட்டினார். பிளாஸ்டிக் கருகும் வாடை எழுந்தது. பாதிரியார் தூபத்தை இரண்டு தடவை கூடுதலாக ஆட்டினார்.

பெட்டியில் இருந்தவர் பெயர் ஆல்வீசே என்றும், முப்பது வருஷம் படகு ஓட்டியவர் என்றும், அந்தக் கிழவி அவருடைய அக்கா ஓர்சோலா என்றும் பிரசங்கத்திலிருந்து தெரிந்தது. பக்கத்தில் நீவெஸ் அழுதுகொண்டிருந்தாள். தோள் குலுங்கக் குலுங்க, சத்தமே இல்லாமல்.

"கொஞ்சம் கம்மி பண்ணு," என்று துல்லியோ காதில் சொன்னார். "ஓவராப் போனா சந்தேகம் வரும்."

அவள் கம்மி பண்ணவில்லை.

பூசை முடிந்ததும் படித்துறையில் கறுப்புப் படகு காத்திருந்தது. கல்லறைத் தீவுக்குப் போகிற படகு. அடக்கம் நடத்துகிறவர் கையால் ஆட்களை எண்ணினார்.

"நெருங்கினவங்களுக்கு மட்டும்தான் எடம். அம்மா ஏறட்டும். ஐயா, நீங்க யாரு?"

கொண்டோலாவில் அரைமணி நேரத்துக்கு என்ன கேட்கிறார்கள் என்று துல்லியோவுக்குத் தெரியும். படகு பஸ்ஸில் ஒரு சீட்டு என்ன விலை என்றும் தெரியும். இதோ ஒரு படகு, சும்மா, போகவும் வரவும். அவர் மூளை மீட்டர் முள் மாதிரி சுழன்றது. புருஷன் என்று சொன்னால், அடுத்தவன் பெட்டியைப் பார்த்து இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று கேள்வி வரும்.

"அண்ணன்," என்றார். "இவளோட கூடப் பொறந்த அண்ணன்."

நீவெஸ் கைக்குட்டையை முகத்திலிருந்து எடுத்தாள். அவரை மேலிருந்து கீழே, குப்பை உறைவரை பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "அண்ணன்தான்."

இத்தனை வருஷத்தில் தன் பொய் ஒன்றை அவள் தர்க்கம் பண்ணாமல் ஏற்றுக்கொண்டது இதுதான் முதல் தடவை. துல்லியோவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அது ரொம்ப நேரம் நிமிர்ந்திருக்கவில்லை. ஆல்வீசேயின் கூட்டாளி பெப்பி, கழுத்தே இல்லாத ஒரு கிழட்டுப் படகுக்காரர், அவர் தோளில் கை போட்டார்.

"அண்ணனா? அப்போ வாங்க மச்சான், ஒரு கை குறையுது. நம்மாளு ஒருத்தனுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு."

படகுக்காரர்கள் எல்லாரையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது என்று துல்லியோ எடுத்துக்கொண்டார். பெட்டியின் ஒரு மூலை அவர் தோளுக்கு வந்தது. ஆல்வீசே நன்றாகச் சாப்பிட்டு வாழ்ந்தவர் என்பது அந்த மூலையிலேயே தெரிந்தது. ஈரக் கல்லில் குப்பை உறை பனிச்சறுக்குப் பலகை மாதிரி ஓடியது. மூன்று பேர் நடக்க, ஒருவர் வழுக்கிக்கொண்டு வந்தார். படகில் ஏறும் இடத்தில் அவருடைய வலதுகால் கால்வாயில் முழங்கால்வரை இறங்கியது.

"மெதுவா மச்சான்," என்றார் பெப்பி. "அவனுக்கு அவசரமில்ல."

படகு பனிமூட்டத்துக்குள் நகர்ந்தது. மாளிகைகளின் கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தது. ஓர்சோலா, நீவெஸின் இரண்டு கைகளையும் தன் மடியில் வைத்திருந்தாள். துல்லியோ மறுபக்கத்திலிருந்து சாய்ந்து, பல் தந்தியடிக்கச் சொன்னார்:

"நல்லாப் பாத்துக்க. மத்தவன் இதுக்கு எவ்வளவு அழறான் தெரியுமா?"

"தெரியும்," என்றாள் நீவெஸ்.

தீவில் ஆளுக்கொரு பூ போட வேண்டியிருந்தது. வாசலில் பூ விற்றார்கள். துல்லியோ பக்கத்துக் கல்லறை ஜாடியிலிருந்து இரண்டு பூவை எடுத்து, ஒன்றை மனைவியிடம் கொடுத்தார். அவள் அதைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்தாள். பிறகு கோட்டுப் பையிலிருந்து சொந்தமாக ஒரு பூவை எடுத்துக் குழிக்குள் போட்டாள். அது எப்போது வாங்கியது, எவ்வளவு என்று கேட்க நினைத்தார். ஆனால் பெப்பி அவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டார்.

சாப்பாடு ஓர்சோலாவின் கடையில். அன்றைக்கு வெளியாட்களுக்குக் கடை மூடியிருந்தது. கணவாய் மைக்குழம்பும் சோளக்களியும், வறுத்த மத்தி மீனும், குடம் குடமாகச் சிவப்பு ஒயினும் வந்தன. துல்லியோ காலையிலிருந்து இழந்ததையெல்லாம் மீட்கத் தொடங்கினார். மூன்றாவது தட்டில் இருக்கும்போது பெப்பி மேசையைத் தட்டினார்.

"மச்சான் ரெண்டு வார்த்தை பேசட்டும்."

இருபது முகங்கள் திரும்பின. துல்லியோ எழுந்தார். வாயோரத்தில் கணவாய் மை. தெரியாத மனிதனைப் பற்றி என்ன சொல்வது? தனக்குச் சுத்தமாக ஒத்துவராத குணங்களை வரிசையாகச் சொன்னால் செத்தவனுக்குப் பொருந்திவிடும் என்று ஏதோ ஒரு சாமி அவருக்கு உள்ளே சொன்னது.

"எனக்கு ஆல்வீசேயை அதிகம் பழக்கமில்லை," என்றார். "ஆனா என் தங்கச்சி முகத்தப் பாத்தாலே தெரியுது, அவர் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு. கை நிறையக் குடுத்தவர். யார்கிட்டயும் கணக்குப் பாக்காதவர். ஒரு பொம்பளைக்கு ஒரு பூட்ஸ் வேணும்னா விலை கேக்காம வாங்கித் தர்ற மனுஷன். அப்படி ஒருத்தர் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

பெண்கள் விசும்பினார்கள். பெப்பி எழுந்துவந்து அவரைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தமிட்டார். நீவெஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாக மாற, இரண்டு பெண்கள் அவளை வெளியே காற்றாட அழைத்துப் போனார்கள்.

நடிப்பு என்றால் இது என்று துல்லியோ நினைத்துக்கொண்டார். திங்கட்கிழமை அலுவலகத்தில் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கினார். சூடான கோயில், படகுச் சவாரி, மூன்று தட்டுச் சாப்பாடு. செலவு, கிழிந்த இரண்டு குப்பை உறை. அதிலும் இன்னும் இரண்டு கையிருப்பு.

ஓர்சோலா அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, மிச்ச மீனை ஒரு பாத்திரத்தில் அடைத்துக் கையில் கொடுத்தாள். ராத்திரிச் சாப்பாடும் முடிந்தது என்று அவர் முகம் மலர்ந்தது.

"உன்னை மாதிரி ஒரு அண்ணன் இருக்கான்னு அவ ஒருநாளும் சொன்னதில்ல தம்பி," என்றாள் ஓர்சோலா, ஏப்ரனில் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எட்டு வருஷமா வியாழக்கிழமை தவறாம என் தம்பியப் பாக்க ரயிலேறி வந்தவ, அடக்கம் சனிக்கிழமைன்னதும் போன்லயே ஒடஞ்சு போயிட்டா, அன்னைக்கு வீட்டுக்காரர் வீட்ல இருப்பாரேன்னு. அது கெடக்கட்டும், நீ சொல்லு: அந்தக் கஞ்சப் பிசினாறிகிட்ட என்னத்தச் சொல்லிட்டு இன்னைக்கு இவளக் கூட்டிட்டு வந்தே?"