தட்டியவருக்கு நன்றி

அன்பும் மரியாதையும் நிறைந்த ஒட்டீலியா அத்தைக்கு, பெர்லினிலிருந்து லீஸ்பெத். உங்கள் முழங்கால் வலியும் மாமாவின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் கேட்டிருந்தீர்களே, இல்லை, படத்தில் நான் பாடவில்லை. அந்த இசை நாடகத்தை நீங்கள் மேடையில் பார்த்திருக்கிறீர்கள். பாட்டெல்லாம் பிரபுவுக்கும் சீமாட்டிக்கும்தான். படத்திலும் அப்படியே. வேலைக்காரியாக வரும் எனக்கு ஒரே வசனம்: "அம்மா இன்று யாரையும் பார்ப்பதில்லை." அது படத்தில் வந்தால் நான் இங்கே இருக்கலாம், வராவிட்டால் ஊருக்குத் திரும்பி மாமாவின் வெள்ளரி ஊறுகாய்க் கடையில் நிற்க வேண்டும் என்பதுதானே பேச்சு.

ஊமைப் படமென்றால் பிழைத்திருப்பேன். இப்போது பேசும் படம், ஒலிப்பதிவுக்கான சிவப்பு விளக்கு எரிந்தால் இருமக்கூட முடியாது. நேற்று என் காட்சி. பிரபு வாசலில் மண்டியிட்டு உருகி உருகிப் பாடி முடிக்கிறார், நான் கதவிடுக்கில் நிற்கிறேன், எனக்குப் பின்னால் உடை தைக்கும் காசுல்கே அம்மா, நாடகக் கொட்டகையிலேயே வளர்ந்தவர், மேடையேறுகிறவர்களுக்குச் செய்வதுபோல் கதவுக் கட்டையைத் தட்டி, என் காதில் "டோய் டோய் டோய்" என்று வாழ்த்த, அந்த வாழ்த்துக்கு மட்டும் நன்றி சொல்லக்கூடாது, சொன்னால் அதிர்ஷ்டம் போய்விடும் என்பது தெரிந்தும், நீங்கள் வளர்த்த பெண் இல்லையா, வாய் தானாக "நன்றி" என்றது. பயத்தில் கதவையும் சாத்திவிட்டேன்.

"யாரு கட்டையைத் தட்டினது?" என்றார் இயக்குநர்.

"நான்தாங்க. பொண்ணுக்கு நல்லா வரட்டுமேன்னு," என்றார் காசுல்கே அம்மா.

பிரபு எழுந்து முழங்கால் தூசியைத் தட்டினார். "உசுரைக் குடுத்துப் பாடியிருக்கேன். இவ பால்காரனுக்குச் சொல்ற மாதிரி நன்றிங்கிறா."

அவருக்கு மாலையில் நாடகம். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுபடி எடுக்க வழியில்லை, என் வசனம் சொல்லாமலே போயிற்று.

"அதுக்குப் போய் யாராவது நன்றி சொல்லுவாங்களாடி?" என்றார் காசுல்கே அம்மா. என்னைவிட அவர்தான் அதிகம் அழுதார்.

ஒரே ஒரு சொல். அதுவும் நான் சொன்னதல்ல, பழக்கம் சொன்னது. டிராமில் வரும்போது இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பீப்பாய்களுக்குப் பக்கத்தில் எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். உங்கள் முழங்கால் நலம்பெறப் பிரார்த்தித்து, இரு கைகளிலும் முத்தமிட்டு,

லீஸ்பெத்

பி.கு.: உறையை ஒட்டுமுன் காசுல்கே அம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். நேற்று எடுத்ததைப் போட்டுப் பார்த்தார்களாம். பிரபு உருகி முடித்ததும் தட்டும் சத்தம், ஒரு நன்றி, கதவு சாத்தல். இயக்குநர் கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். "அப்படியே இருக்கட்டும். இனி எவன் வந்து சீமாட்டிக்காகப் பாடினாலும் இந்தப் பொண்ணு நன்றி சொல்லிக் கதவைச் சாத்தட்டும்," என்றாராம். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். "டோய் டோய் டோய்" என்று என் கதவைத் தட்டிவிட்டு அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அதைப் பொத்திக்கொண்டேன். மாமா ரயிலடிக்கு வர வேண்டாம். பெட்டியைத் திறந்து, துணிகளை மறுபடி ஆணியில் மாட்டினேன்.