அடிக்குறிப்பு அண்ணனின் பென்சில்

நான் எழுதிய ஆய்வறிக்கைகளை நானே முழுதாகப் படித்ததில்லை. சுருக்கத்தை எழுதிவிட்டு, மிச்சத்தைப் பழைய அறிக்கையிலிருந்து ஒட்டிவிடுவேன். அட்டை மட்டும் பளபளக்கும்.

தருமபுரி மாவட்டத்திலேயே அவற்றை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே மனிதர், எங்கள் சுகாதாரக் கொள்கை ஆய்வு நிறுவனத்தின் ஜீப் டிரைவர். படிப்பதோடு விட மாட்டார். ஓரத்திலும் பக்கத்தின் அடியிலும் பென்சிலால் எழுதுவார். அதனால் அவர் பெயர் அடிக்குறிப்பு அண்ணன். 'மக்கள் ஒத்துழைப்பு சிறப்பு' என்று நான் எழுதிய இடத்தில், 'மூணு வூட்ல சோறு போட்டாங்க, அதச் சொல்றாரு' என்று இருந்தது.

பாலக்கோடு பக்கத்து ஊர் ஒன்றில் துணை சுகாதார நிலையம் காலியாகக் கிடந்தது. 'மக்களிடம் விழிப்புணர்வு இல்லை. நிலையத்தை மூடலாம்' என்று எழுதினேன். மறுநாள் அறிக்கை அதிகாரிகள் கைக்குப் போக வேண்டும். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க எங்கள் நிறுவன இயக்குநர் அம்மாவும் நானும் ஜீப்பில் ஏறினோம். அண்ணன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனைப் பூட்டினார்.

"எத்தன மணிக்கு போய்ப் பாத்தீங்க சார்?"

"பதினொண்ணு."

"அது தக்காளி பறிக்கிற நேரங்க. ஊர்ல நாய்கூட இருக்காது. சனம் திரும்பறதுக்குள்ள நர்சம்மா பஸ் ஏறிடறாங்க. அந்த வரிய அடிங்க, வண்டி கிளம்பும்."

"நீங்க டிரைவர்தானே?" என்றார் அம்மா.

"ஆமாங்கம்மா. அதான் தப்பான ரோட்ல போக மாட்டேங்கறேன். சாயங்காலம் அந்த ஊருக்கு வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

போனோம். ஐந்து மணிக்குப் பெண்கள் கையெல்லாம் தக்காளிச் செடியின் பச்சைக் கறையோடு வந்தார்கள். நிறைமாதக்காரி ஒருத்தி பூட்டிய கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"டிரைவரண்ணன் சொன்னாரு, இத மூடச் சொல்லி எழுதினது நீங்கதானா? வலி வந்தா ரெண்டு பஸ் மாறணும் சார்."

நான் ஜீப்புக்குப் பின்னால் ஒளிந்தேன். அங்கேயும் அண்ணன் நின்றிருந்தார், பென்சிலோடு.

அந்த வரியை அடித்தேன். 'நிலையத்தை மாலையில் திறக்க வேண்டும்' என்று எழுதினேன். அந்த அறிக்கைக்குக் கருத்தரங்குகளில் கைதட்டல் கிடைத்தது. வெட்கமில்லாமல் எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன்.

இன்றும் எதை எழுதினாலும், அவருடைய பென்சிலுக்கென்று ஓரத்தில் இடம் விட்டுத்தான் எழுதுகிறேன். போன வாரம் பெருமை தாங்காமல் போன் போட்டேன்.

"அண்ணா, நம்ம அறிக்கைய வெளிமாநிலத்துலெல்லாம் மேற்கோள் காட்டறாங்க."

"சாயங்காலம் நர்சம்மா வராங்களான்னு பாத்தீங்களா சார்?"